ஏலத்தில் எடுத்த கார்: லாபமா, வம்பா? காஞ்சீபுரத்தில் தலைகீழாக மாறிப்போன பழைய கார் வியாபாரம்

காஞ்சீபுரம்-

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

இந்த சத்தம் அடங்குவதற்குள் ஒரு கார் கை மாறிவிடும். எடுத்தவர் நோட்டுக்கட்டை எண்ணிக் கொடுப்பார். பேட்டரி செத்துப்போன வண்டியை நாலு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வருவார்கள். நேராக ஒர்க்ஷாப். பத்து நாளில் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, அதே வண்டி பட்டு எடுக்க வந்த கல்யாண கோஷ்டியை ஏற்றிக்கொண்டு காந்தி ரோட்டில் ஓடும்.

அது ஒரு காலம்.

இன்றைக்கும் பழைய கார்கள் ஏலத்துக்கு வருகின்றன. முன்னைவிட அதிகமாகவே வருகின்றன. ஆனால் மைதானத்தில் கூட்டம் இல்லை. சத்தம் இல்லை. நோட்டுக்கட்டு இல்லை. எங்கோ ஒரு ஊரில் நிற்கிற காரை, வேறு ஒரு ஊரில் உட்கார்ந்திருப்பவர் செல்போனைத் தட்டி எடுத்துக்கொண்டு போகிறார்.

வண்டியும் மாறிப்போச்சு, வாங்குகிற ஆளும் மாறிப்போச்சு, சட்டமும் மாறிப்போச்சு. இதில் லாபம் யாருக்கு? நஷ்டம் யாருக்கு? வம்பில் மாட்டிக்கொள்வது யார்?

அம்பாசடர் ராஜ்யம்

அன்றைக்கு கார் ஏலம் என்றால் பெரும்பாலும் சர்க்கார் வண்டி ஏலம்தான். கலெக்டர் ஆபீஸ், ஊராட்சி ஒன்றிய ஆபீஸ், பொதுப்பணித்துறை, போலீஸ் என்று இலாகாவுக்கு இலாகா ஓடி ஓய்ந்த வண்டிகளைக் கழித்துக்கட்டுவார்கள். வியாபாரிகள் பாஷையில் அதற்குப் பெயர் 'கண்டம்' வண்டி.

கண்டம் ஆன வண்டிகளில் முக்கால்வாசி அம்பாசடர், இல்லையென்றால் ஜீப். தனியார் கைமாற்றும் கார்கள் என்றால் பியட், ஸ்டாண்டர்டு. வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அந்தக் காலத்தில் டாக்டர் வீட்டுக் கார்.

புதுக் கார் அப்போது கடையில் போய் வாங்குகிற சரக்கு அல்ல. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஓடுகிற நிலையில் உள்ள பழைய காருக்கு அத்தனை கிராக்கி. சில சமயம் நல்ல பழைய கார் புதுக் காரின் விலையையே தாண்டிவிடும்.

ஏலத்தில் அம்பாசடர் எடுத்தவருக்கு பயம் கிடையாது. காரணம், அந்த வண்டியில் ரகசியம் எதுவும் கிடையாது. பானெட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த பையன் கழற்றி மாட்டிவிடுவான். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லையா? மேட்டடார் டீசல் என்ஜினைத் தூக்கி வைத்துவிடுவார்கள். கதவு துருப்பிடித்ததா? டிங்கர் தகரம் வெட்டி ஒட்டிவிடுவார்.

அதாவது, ஏலத்தில் எடுத்தது கார் அல்ல. ஒரு குடும்பத்துக்கான பிழைப்பு.

காஞ்சீபுரத்தில் இதற்கு தனிக் காரணமும் உண்டு. கோவிலுக்கு வருகிறவர், பட்டு எடுக்க வருகிறவர், மடத்துக்கு வருகிறவர் என்று வருஷம் முழுக்க வெளியூர்க் கூட்டம். முகூர்த்த மாதம் வந்தால் கேட்கவே வேண்டாம். பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் உட்கார்ந்து முதுகு ஒடிந்த அப்பா, "எனக்குப் பிறகு இந்த வேலை வேண்டாம்" என்று மகனை ஸ்டியரிங் பிடிக்க அனுப்பிய வீடுகள் எத்தனையோ. அந்தப் பையன்களில் பலருக்கு முதல் வண்டி ஏல வண்டிதான்.

கூட்டுச்சதி

அன்றைய ஏலம் ரொம்ப யோக்கியமானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்!

ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள் முதல் நாளே டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். இதற்கு 'சிண்டிகேட்' என்று பெயர்.

எப்படி நடக்கும்? உதாரணத்துக்கு ஒரு ஜீப்பின் குறைந்தபட்ச விலை 20 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் அது 60 ஆயிரம் போகும். ஆனால் மைதானத்தில் ஒருவர் 21 என்பார். இன்னொருவர் 22 என்பார். அவ்வளவுதான். மற்றவர்கள் வாயில் கொழுக்கட்டை. 22 ஆயிரத்தில் மூணு தரம் விழுந்துவிடும்.

பிறகு மறைவான இடத்தில் அதே ஜீப்புக்கு இரண்டாவது ஏலம். அது 45 ஆயிரத்துக்குப் போகும். நடுவில் இருக்கிற 23 ஆயிரத்தை கூட்டாளிகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். சர்க்கார் கஜானாவுக்குப் பட்டை நாமம்!

வெளியாள் ஒருவர் நடுவில் புகுந்து விலையை ஏற்றினால் என்ன ஆகும்? "அண்ணே, இந்த வண்டி நமக்குள்ள பேசி முடிச்சது" என்று முதலில் அன்பாகச் சொல்வார்கள். கேட்காவிட்டால் அன்பு குறைந்துவிடும்.

இந்த ஆட்டத்தை ஒடுக்கத்தான் ஏலத்தை மைதானத்திலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனார்கள். இரும்புக் கழிவு ஏற்றுமதியை ஒழுங்குபடுத்துவதற்காக 1964-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி., பிற்காலத்தில் மின்னணு ஏலத்தில் இறங்கியது. இன்றைக்கு அரசு இலாகாக்கள், பொதுத்துறை நிறுவனங்களின் கழித்த வண்டிகள் பெருமளவு அதன் வழியாகவே விலை போகின்றன. எதிரே யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. மிரட்ட ஆள் இல்லை. அது நல்லதுதான். ஆனால் அதோடு சேர்ந்து வேறொன்றும் போச்சு. அது பின்னால்.

மாருதி புகுந்த கதை

1983-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி டெல்லியில் பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800 காரின் சாவியைக் கொடுத்தார். விலை ரூ.47 ஆயிரத்து 500. அன்றைக்கு அம்பாசடருக்குப் பிடித்த சனி, 2014-ம் ஆண்டில் முடிந்தது. அந்த ஆண்டு மே மாதம் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. வேடிக்கை என்னவென்றால், அதைத் தோற்கடித்த மாருதி 800 காரின் தயாரிப்பும் அதே ஆண்டு ஜனவரியில் நின்றுபோனது.

2017-ல் அம்பாசடர் என்ற பெயரையே பிரான்ஸ் நாட்டு பியூஜோ கம்பெனிக்கு ரூ.80 கோடிக்கு விற்றார்கள். வண்டி விலை போகாத காலத்தில் பெயர் விலை போனது!

காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு இன்னொரு திருப்பம் வாசற்படியிலேயே வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கொரியா நாட்டு ஹூண்டாய் கம்பெனி ஆலை போட்டது. 1998-ல் சாண்ட்ரோ வெளியே வந்தது. மறைமலைநகரில் போர்டு வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. அன்றைக்கு இந்த மூன்று இடங்களும் காஞ்சீபுரம் மாவட்டம்தான். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகுதான் மறைமலைநகர் அந்தப் பக்கம் போனது.

மாவட்டத்திலேயே கார் பிறக்க ஆரம்பித்த பிறகு, பழைய கார் சந்தையின் முகமே மாறிவிட்டது. காத்திருப்பு ஒழிந்தது. கடன் கொடுக்க பேங்குகள் வீடு தேடி வந்தன. மூன்று, நாலு வருஷத்தில் காரை மாற்றுகிற ஆபீஸ் ஊழியர்கள் வந்தார்கள். முன்பெல்லாம் பழைய கார் என்றால் பேரன் எடுத்த வண்டி; இப்போது பக்கத்து வீட்டுக்காரர் நேற்று வரைக்கும் ஓட்டிய வண்டி.

தவணையில் போன டாக்சி

ஏல மைதானத்துக்கு அடுத்ததாக வந்து சேர்ந்தவை கண்டம் வண்டிகள் அல்ல. கடன் கட்டாத வண்டிகள்!

கால் டாக்சி வந்தது. பிறகு செல்போனில் கூப்பிடுகிற டாக்சி கம்பெனிகள் வந்தன. இண்டிகா, எட்டியோஸ், டிசையர் என்று டி போர்டு வண்டிகள் தவணையில் பறந்தன. முன்பணம் கொஞ்சம் கட்டினால் போதும், புது வண்டி வீட்டு வாசலில்.

2020-ல் கொரோனா வந்தது. கோவில் பூட்டு. கல்யாணம் நின்றது. பட்டுக்கடைக்கு ஆள் இல்லை. டாக்சி ஓடவில்லை. ரிசர்வ் பேங்க் அந்த ஆண்டு மார்ச் மாதம் தொடங்கி ஆகஸ்டு 31-ந் தேதி வரை தவணையைத் தள்ளிப்போட சலுகை கொடுத்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. சலுகை முடிந்ததும் வண்டியைத் தூக்க ஆள் வந்தார்கள்.

இப்படி பறிமுதலாகி வருகிற வண்டியை கம்பெனியின் 'யார்டு'களில் அடுக்கி ஏலம் விடுகிறார்கள். ஏலம் எடுக்கிறவர் பார்வையில் அது மலிவு வண்டி. இழந்தவர் பார்வையில்?

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது.

வண்டி போனால் கடனும் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு! உதாரணத்துக்கு பாக்கி 4 லட்சம் ரூபாய். ஏலத்தில் வண்டி போனது இரண்டரை லட்சம். மீதி ஒன்றரை லட்சம் இன்னமும் கடன்காரர் தலையில்தான். வண்டியைத் தூக்கிய செலவு, நிறுத்தி வைத்த வாடகை எல்லாம் அதோடு சேரும். மாறாக, பாக்கிக்கு மேல் விலை போனால் மிச்சப் பணம் கடன்காரருக்குத்தான் சேர வேண்டும். அதைக் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்?

அடியாளை வைத்து வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று 2007-ம் ஆண்டு ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க் எதிர் பிரகாஷ் கவுர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பறிமுதலுக்கு முன் நோட்டீஸ், விற்பதற்கு முன் பணம் கட்ட கடைசி வாய்ப்பு என்று ரிசர்வ் பேங்க் விதிகளும் இருக்கின்றன. நோட்டீஸ் வந்ததும் பயந்து ஓடாமல் பேச வேண்டிய நேரம் அதுதான். ஏலம் முடிந்த பிறகு அழுது பிரயோஜனம் இல்லை.

தண்ணீரில் குளித்த கார்கள்

2015 டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரி, அடையாறு என்று தண்ணீர் புகுந்த இடமெல்லாம் கார்கள் மிதந்தன. சென்னையிலும், அன்றைய காஞ்சீபுரம் மாவட்டத்தின் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளிலும் வீட்டு வாசலில் நின்ற வண்டிகளின் கூரை மட்டும் தெரிந்தது.

பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் போட்ட வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை 'முழு இழப்பு' என்று தள்ளி, பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஏலம் விடும். அப்படித்தான் வெளிநாட்டு சொகுசு கார்கள்கூட ஏலத்துக்கு வந்தன. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோதும் கார்கள் தண்ணீரில் நின்றன.

அம்பாசடர் தண்ணீரில் மூழ்கினால் காயவைத்து, ஆயில் மாற்றி ஓட்டிவிடலாம். இன்றைய கார் அப்படி அல்ல. சீட்டுக்குக் கீழே, டேஷ்போர்டுக்குப் பின்னால், கதவுக்குள்ளே எல்லாம் ஒயரும் கம்ப்யூட்டர் பெட்டியும்தான். வெளியே பளபளவென்று இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் நடுரோட்டில் ஸ்டியரிங் விளக்கு எரியும், வண்டி நிற்கும். ஏர் பேக் வேலை செய்யுமா என்பது மோதினால்தான் தெரியும்!

இந்த வண்டிகள் ஏலத்தில் எடுக்கப்பட்டு, கழுவித் துடைத்து, வேறு ஊருக்குப் போய், 'ஒரே ஓனர், டாக்டர் வண்டி' என்று விற்பனைக்கு நிற்பதுதான் ஆபத்து.

ஜப்பானில் ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு காருக்கும் ஒரு மார்க் ஷீட் உண்டு. இன்ஸ்பெக்டர் ஒருவர் பரிசோதித்து, எங்கே கீறல், எங்கே துரு, எங்கே அடிபட்டு சரிசெய்தது என்று படம் போட்டு மார்க் கொடுப்பார். இலங்கையில் ஓடுகிற ஜப்பான் கார்களில் ஏராளமானவை இப்படி ஏலத்தில் எடுத்து கப்பலில் வந்தவைதான். 2020 மார்ச்சில் இலங்கை அரசு கார் இறக்குமதியை நிறுத்தியபோது அங்கே பழைய கார் விலை மலைபோல் ஏறியது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. நம் ஊரில் அம்பாசடருக்கு கியூ நின்ற காலம் மாதிரியேதான்.

இங்கே ஏல நோட்டீசில் என்ன எழுதியிருக்கிறது? 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்'. இந்த ஒரு வரிக்கு அர்த்தம்: எடுத்த பிறகு என்ன பழுது வந்தாலும் எங்களைக் கேட்காதே!

15 வருஷம் ஆனால் எமன்

இனி, ஏழை டிரைவரை நேராகப் பாதித்த மாற்றம்.

2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல், 15 வருஷம் முடிந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. மத்திய அரசு, மாநில அரசு, போக்குவரத்துக் கழகம், பொதுத்துறை என்று எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ராணுவம், சட்டம்-ஒழுங்கு போன்றவற்றுக்கான தனி ரக வண்டிகளுக்கு மட்டும் விலக்கு.

அந்த வண்டிகள் எங்கே போகின்றன? பதிவு பெற்ற வாகன உடைப்பு ஆலைகளுக்கு. ஏலம் உண்டு. ஆனால் கேட்க முடிந்தவர்கள் அந்த ஆலைக்காரர்கள் மட்டுமே. மெக்கானிக்கும் டிரைவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். முன்பு கண்டம் ஜீப் இன்னொரு பத்து வருஷம் ஓடும். இன்று அது நேராக நசுக்கும் எந்திரத்துக்குப் போகிறது.

புகை குறையும், பிரேக் பிடிக்காத வண்டி ரோட்டில் இருந்து போகும் என்பது சர்க்கார் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால், புது வண்டி வாங்கும்போது சாலை வரியில் சொந்த உபயோக வண்டிக்கு 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது. ஆனால் இரண்டாம் கை வண்டியையே தவணையில் வாங்குகிறவருக்கு புது வண்டி வரிச்சலுகை எந்த மூலைக்கு?

தனியார் கார்கள் 15 வருஷம் தாண்டினாலும் தமிழ்நாட்டில் தகுதி இருந்தால் பதிவைப் புதுப்பிக்கலாம். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5 ஆயிரமாக எகிறியது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம் ஆனது. பழைய வண்டி வைத்திருப்பதே ஆடம்பரம் என்கிற நிலை.

கண்ணுக்குத் தெரியாத ஏலம்

சரி, ஏலம் ஒழிந்துவிட்டதா? இல்லை! ஏல மைதானம்தான் ஒழிந்தது.

இன்று ஒருவர் தன் காரை இணையதளக் கம்பெனியிடம் விற்கக் கொடுக்கிறார். ஒரு பையன் வந்து நூற்றுக்கணக்கில் போட்டோ எடுக்கிறான். அந்த நிமிஷமே பல ஊர் டீலர்களின் செல்போனில் அந்தக் கார் ஏலத்துக்கு வந்துவிடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. ஓடி முடிந்ததும் அதிக விலை கேட்டவருக்கு வண்டி. கார்ஸ்24 போன்ற கம்பெனிகள் 2015-ல் ஆரம்பித்து வளர்ந்தது இப்படித்தான்.

விற்றவர் தன் கார் ஏலத்தில் போனதைக் கண்ணால் பார்ப்பதில்லை. கடைசியில் வாங்குகிறவருக்கும் அது ஏல வண்டி என்று தெரிவதில்லை. நடுவில் உள்ளவருக்கு மட்டும் இரண்டு விலையும் தெரியும். அன்றைய சிண்டிகேட்காரன் டீக்கடையில் செய்ததை, இன்று யாரும் யாரையும் பார்க்காமலே செய்ய முடிகிறது என்பதல்ல பொருள். ஆனால் விலை ரகசியம் யார் கையில் இருக்கிறதோ, லாபமும் அவர் கையில்தான். இதில் அன்றும் இன்றும் மாற்றம் இல்லை.

வரிக்கணக்கும் மாறியது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற டீலர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் 18 சதவீத வரி என்று 2024 டிசம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. சொந்தக் காரை இன்னொருவருக்கு விற்கிற சாதாரண ஆளுக்கு இந்த வரி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய புதுக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் கார் விலை இறங்கினால் பழைய கார் விலையும் இறங்கியே தீரும். அதற்கு முன்னால் அதிக விலைக்கு எடுத்து ஷெட்டில் நிறுத்திய வியாபாரிகள் கையைப் பிசைந்தார்கள்.

ஸ்டேஷனில் துருப்பிடிக்கும் செல்வம்

இன்றும் பழைய பாணியில் சத்தம் போட்டு நடக்கிற ஏலம் ஒன்று உண்டு. அது போலீஸ் ஏலம்.

சாராயம், வெளிமாநில மதுபாட்டில் கடத்தி மாட்டிய வண்டிகள், 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி பறிமுதலாகின்றன. ரேஷன் அரிசி கடத்திய வண்டிகள் வருவாய் அதிகாரி உத்தரவில் பறிமுதலாகின்றன. பாலாற்று மணலை அள்ளி மாட்டியவை தனி ரகம். மதுவிலக்கு வண்டிகளை அவ்வப்போது அறிவிப்பு கொடுத்து, முன்பணம் கட்டியவர்களை வைத்து பொது ஏலம் விடுகிறார்கள். எடுத்த தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனி.

ஆனால் ஏலத்துக்கு வருவதற்குள் வண்டி என்ன கதியாகிறது? எந்த போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். செடி முளைத்த கார், டயர் மண்ணோடு மண்ணான வேன், சீட்டை எலி தின்ற ஆட்டோ.

இப்படி வைத்திருக்காதீர்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு 2002 அக்டோபர் 1-ந் தேதியே, குஜராத்தில் இருந்து வந்த சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் தீர்ப்பளித்தது. போட்டோ எடுத்துக்கொள், ஜாமீன் வாங்கிக்கொள், வண்டியை உரியவரிடம் கொடு. யாரும் கேட்டு வரவில்லையா, ஆறு மாதத்துக்குள் கோர்ட்டு உத்தரவோடு ஏலம் விடு என்பது அதன் சாரம். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497-வது பிரிவு, 14 நாளில் விவரப் பட்டியல், போட்டோ. அதன்பின் 30 நாளில் முடிவு என்று கெடு வைத்திருக்கிறது.

தீர்ப்பு வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆச்சு. துரு மட்டும் கெடு பார்த்துக்கொண்டு காத்திருப்பதில்லை. இரண்டு லட்சம் போக வேண்டிய கார் கிலோ கணக்கில் இரும்பு விலைக்குப் போகிறது. அது கஜானா பணம். சில சமயம், குற்றம் நிரூபணமாகாத ஒருவரின் பிழைப்பு.

பெயர் மாறாத வண்டி: தலைக்கு மேல் கத்தி

வண்டி எத்தனை மாறினாலும் மாறாத ஒரு அலட்சியம் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் விட்டுவிடுவது!

2022 அக்டோபர் 23-ந் தேதி. தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை. கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன் ஒரு மாருதி 800 கார் வெடித்துச் சிதறியது. ஓட்டி வந்தவர் செத்துப்போனார். காரின் சொந்தக்காரர் யார் என்று போலீசார் தேடிப் போனபோது, அது பல கை மாறிய வண்டி என்று தெரிந்தது. ஒருவர் பின் ஒருவராக பழைய சொந்தக்காரர்களை எல்லாம் விசாரிக்க வேண்டியிருந்தது.

2025 நவம்பர் 10-ந் தேதி டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த கார் அரியானா பதிவு எண் கொண்ட ஹூண்டாய் ஐ20. அதுவும் பல கை மாறிய வண்டிதான்.

வெடிகுண்டு வரை போக வேண்டாம். சாதாரண விபத்தே போதும். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. ஒருவர் காரை விற்றுவிட்டார். அது கைக்குக் கை மாறியது. பதிவில் மட்டும் அவர் பெயரே இருந்தது. 2009-ல் அந்தக் கார் விபத்தில் சிக்கியது. நஷ்டஈடு யார் பொறுப்பு? பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், அவரே பொறுப்பு என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

விற்று, பணத்தை வாங்கி, செலவழித்து, மறந்தும் போன காருக்காக ஒருவர் கோர்ட்டு வாசலில் நிற்க நேரும்!

இதற்காகவே பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததும் அதை இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். வழியில் ஏதாவது நடந்தால் அங்கீகாரம் பெற்ற டீலர்தான் பொறுப்பு. ஆனால் புரோக்கர் கையில் வண்டியைக் கொடுத்து, பேப்பரில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறவரை எந்த விதி காப்பாற்றும்?

எடுப்பதற்கு முன்...

ஏல வண்டி எடுக்கத்தான் போகிறீர்களா? எடுங்கள். ஆனால் இதையெல்லாம் பார்த்துவிட்டு எடுங்கள்.

முதலில் நம்பர். பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் பதிவு தேதி, இன்ஷூரன்ஸ், கடன் பாக்கி இருக்கிறதா என்பது தெரியும். அபராத ரசீதுகளையும் தனியாகப் பாருங்கள். பழைய அபராதம் பெயர் மாற்றத்தில் முட்டுக்கட்டை போடும்.

அடுத்தது என்ஜின் நம்பர், சேஸ் நம்பர். புத்தகத்தில் உள்ளதும் வண்டியில் உள்ளதும் ஒன்றா? சுரண்டிய அடையாளம் இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

மீட்டரை நம்ப வேண்டாம். 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழுக்கையாக இருக்காது. ஸ்டியரிங் பளபளக்காது. கம்பெனி சர்வீஸ் ரிக்கார்டு இருந்தால் மீட்டரைத் திருப்பிய குட்டு வெளிப்பட்டுவிடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்சுற்றில் சேற்றுக் கறை தெரியும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டுக்குக் கீழே இரும்பில் துரு பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் சந்தேகம் வர வேண்டும்.

ஏலத்தில் கேட்ட விலையை, மூணு தரம் முடிவதற்குள் வாபஸ் வாங்கலாம் என்று 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு சொல்கிறது. ஆனால் கட்டிய முன்பணம் என்ன ஆகும் என்பதை ஏல நிபந்தனையில் படித்துவிட்டுக் கேளுங்கள். முடிந்த பிறகு பேச்சே இல்லை.

கடைசியாக, மிக முக்கியமாக பேப்பர். பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்கு 32-ம் நம்பர் படிவம். வண்டியைக் கையில் வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் மனு கொடுக்க வேண்டும். சாதாரணமாக வாங்கினால் 29, 30-ம் நம்பர் படிவங்கள். கடன் இருந்த வண்டி என்றால் 35-ம் நம்பர் படிவமும் கம்பெனியின் தடையில்லா சான்றும் கட்டாயம். ஏல உத்தரவு, பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து பரிவாகனில் உங்கள் பழைய நம்பரைத் தட்டிப் பாருங்கள். சொந்தக்காரர் பெயர் மாறவில்லை என்றால் விடாதீர்கள்.

யாருக்கு லாபம்?

மொத்தத்தில் பார்த்தால் கணக்கு இதுதான். மின்னணு ஏலத்தால் சர்க்கார் கஜானாவுக்கு நல்லது. பெரிய டீலருக்கு உட்கார்ந்த இடத்தில் ஊர் ஊராக வண்டி. நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல நிலையில் உள்ள கார் சீக்கிரம் கிடைக்கிறது.

கைவிடப்பட்டவர் ஒருவர்தான். கையில் கொஞ்சம் பணம், தெரிந்த மெக்கானிக் ஒருவர், இரண்டையும் நம்பி ஏல மைதானத்துக்கு வந்த டிரைவர். அவருக்கு கண்டம் ஜீப் கிடையாது. மின்னணு ஏலத்தில் டெபாசிட் கட்டிப் போட்டி போட வசதி இல்லை. மிஞ்சியது தவணைக் கடன். அந்தத் தவணை தவறினால், அவரே ஓட்டிய வண்டி அடுத்த ஏலத்தில் நிற்கும்.

போலீஸ் ஏலம், பறிமுதல் ஏலம் எதுவானாலும் சில வண்டிகளையாவது உள்ளூர் டிரைவர்கள் நேரில் வந்து, பார்த்து, சோதித்துக் கேட்கிற மாதிரி ஒதுக்கக்கூடாதா? ஜப்பானைப் போல ஒரு பரிசோதனைச் சீட்டாவது ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டக்கூடாதா? ஸ்டேஷனில் துருப்பிடிப்பதற்குள் ஏலம் விடக்கூடாதா? மூன்றும் பெரிய காரியம் இல்லை. மனசு வைத்தால் நடக்கும்.

பட்டு வாங்க வருகிறவர் புடவையை வெயிலில் பிடித்து, ஜரிகையை உரசிப் பார்த்து, முந்தானையை விரித்துப் பார்த்துத்தான் பணத்தை எடுப்பார். காஞ்சீபுரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

பல ஆயிரம் ரூபாய் புடவைக்கு அத்தனை சோதனை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற காருக்கு வெறும் போட்டோ போதுமா?